கழிதலும் கழித்தலும்

பழைய கட்டளைகளைக் கைவிடுவதற்கு மென்பொருள் எழுதுவோர் சொல்லும் காரணங்களுள் நமக்கு மிகுந்த எரிச்சலூட்டுவது, ‘மொழியே அப்படித்தானே மாறுகிறது’ என்பது. சொல்பவர் தமிழறிந்தவராக இருந்துவிட்டால் நன்னூலையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறார். அந்தப் புகழ்பெற்ற நூற்பாவை அவர் இன்னொரு முறை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். பவணந்தியார் அங்கே பேசுவது கழிதலைப் பற்றி. கழித்தலைப் பற்றி அன்று. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ஒரு சொல் மக்கள் நாவிலிருந்து தானே உதிர்வது ஒன்று. பேசிக்கொண்டிருப்பவன் வாயிலிருந்து அதைப் பிடுங்குவது வேறொன்று.

கட்டளை வரி நிரல்களில் சுட்டெலிக்கு வேலையில்லை. பெயரைத் தட்டச்சிட்டு ஏவ வேண்டும். அங்கே பெயரே எல்லாம். அந்தப் பெயரை மனிதர்கள் நேரில் தட்டச்சிடுவது குறைவு. எவரோ என்றோ எழுதிவைத்த சிறு நிரல்களுக்குள் அது பதிந்து கிடக்கிறது. எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். நிரல் மட்டும் இரவுதோறும் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கட்டளையை எழுதியவருக்கு அதன் பெயர்மீது முழு உரிமை உண்டு என்ற எண்ணம் இவ்விடத்தில்தான் பொய்க்கிறது. பெற்றவர் வைத்த பெயரானாலும் ஊர் கூப்பிடத் தொடங்கிய பிறகு அது ஊருடையது.

கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு உடன்பிறப்புகள்: விரிவான தேடற்கோலங்களை ஏற்கும் ஈகிரெப், எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும் எஃப்கிரெப். 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இரண்டும் இருந்தன. பின்னர் கிரெப்புடன் ஒற்றை எழுத்துத் தெரிவைச் சேர்த்தாலே அதே பணிகள் நடக்கும் என்றாயிற்று. 2007இல் குனூ திட்டத்தார் பழைய பெயர்கள் இரண்டையும் கைவிடத்தக்கவை என ஆவணத்தில் குறித்தனர். அதுவரை யாருக்கும் தொல்லையில்லை. 2022 செப்டம்பரில் வந்த 3.8ஆம் பதிப்பிலோ, ஈகிரெப்பை அழைக்கும் ஒவ்வொரு முறையும் ‘இது வழக்கொழிந்து வருவது’ என்று ஓர் எச்சரிக்கை அச்சாகத் தொடங்கியது.

மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் சொற்களைத் தேடிப் பட்டியலிட ஒரு மாணவர் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு நிரல் எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கோப்புக்கு ஆயிரம் முறை ஈகிரெப்பை அது அழைத்தால், இன்று அதை ஓட்டும் ஆய்வாளருக்கு ஆயிரம் கடிந்துரைகள். அவர் அந்த வரியை எழுதியவரும் அல்லர். திருத்தத் தெரிந்தவரும் அல்லர். மடலை எழுதியவனை விட்டுவிட்டு அஞ்சற்காரனைத் திட்டும் வேலை இது.

பராமரிப்புச் சுமை என்பார்கள். சுமையை எண்ணிப் பார்த்தோம். முன்பு ஈகிரெப் என்பது இரண்டே வரி ஷெல் நிரல். தன்னை அழைத்தால் கிரெப்பை அழைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எச்சரிக்கை சேர்ந்ததும் அது நான்கு வரியாயிற்று. காப்பாற்றத் தேவைப்பட்ட அளவு வரிகள் கடிந்துகொள்ளவும் தேவைப்பட்டிருக்கின்றன!

டெபியனில் இதே கதை வேறு விதமாக முடிந்தது. ஒரு கட்டளை எந்த அடைவில் இருக்கிறது என்று சொல்லும் ‘விச்’ என்னும் சிறு நிரல், 2021இல் தன்னைக் கைவிடும்படி தானே பயனரிடம் சொல்லத் தொடங்கியது. பிழை வெளியீட்டில் ஒரு வரி வந்தாலே தோல்வி எனக் கொள்ளும் தானியங்கிச் சோதனைகள் உண்டு. அவற்றுக்கு இந்த அறிவுரையும் பிழைதான். வழக்கு டெபியனின் தொழில்நுட்பக் குழுவிடம் போனது. விச் அத்தகைய எச்சரிக்கையை அச்சிடக்கூடாது என்று குழு தீர்ப்பளித்தது. தீர்ப்பு நமக்கு நிறைவளித்தது. அதற்கு ஒரு குழு கூட வேண்டியிருந்ததுதான் வியப்பு.

தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. துதிக்கை வைத்த பழைய ‘லை’யை அச்சகங்கள் மெல்ல விட்டன. ஆனால் அவ்வெழுத்தில் அச்சான நூலை இன்று திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் ‘இது வழக்கில் இல்லை’ என்று எவரும் காதருகே கூவுவதில்லை.

மாற்றமே கூடாது என்பது நம் கட்சியன்று. கிட் நிரலின் ‘செக்அவுட்’ கட்டளை, கிளை மாறுவது, கோப்பை மீட்பது என்று தொடர்பில்லாத வேலைகளைச் சுமந்து புதியவர்களைத் திணறடித்தது. 2019இல் ‘ஸ்விட்ச்’, ‘ரிஸ்டோர்’ என இரண்டு புதிய கட்டளைகள் வந்தன. செக்அவுட்டை யாரும் தொடவில்லை. விரும்பியவர் மாறினார், மற்றவர் பழையபடி இருந்தார். இதுவே கழிதலுக்கு இடம்விடும் முறை. அதே கிட், 2025இல் ‘வாட்சேஞ்ச்ட்’ என்ற பழங்கட்டளையை அழைப்பவர், ‘நான் இன்னும் இதைப் பயன்படுத்துகிறேன்’ எனப் பொருள்படும் நீண்ட தெரிவு ஒன்றையும் சேர்த்தாலொழிய வேலை செய்ய மறுத்தது. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அறியும் ஆவல் நியாயமானது. ஆனால் நள்ளிரவில் தானே ஓடும் நிரலிடம் வாக்குமூலம் கேட்டால் அது என்ன சொல்லும்? நின்றுபோகும்.

பொய்ப்பெயரை நாம் ஆதரிக்கவில்லை. விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘கர்ல்’ என்ற பெயர், உண்மையான கர்ல் நிரலின் தெரிவுகளை அறியாத வேறொரு கட்டளைக்கு மாற்றுப்பெயராக இருந்தது. பெயரை நம்பித் தெரிவுகளைத் தந்தவர் பிழைச்செய்தியைப் பெற்றார். பவர்ஷெல் ஆறாம் பதிப்பில் அதை நீக்கியது சரியே. மாற்றுப்பெயர் என்றால் பொருள் மாறாதிருக்க வேண்டும்.

நிரலாளரிடம் நாம் கேட்பது பெரிதன்று. உதவிப் பக்கத்திலிருந்து பழைய பெயரை எடுத்துவிடுங்கள். புதிதாக வருபவர் அதைக் கற்க வேண்டியதில்லை. முனையத்துக்கு முன் மனிதர் அமர்ந்திருக்கிறாரா, வெளியீடு இன்னொரு நிரலுக்குப் போகிறதா என்பதை நிரலால் அறிய முடியும். மனிதர் இருந்தால் மட்டும் புதிய பெயரை ஒரு வரியில் சொல்லுங்கள். பாதுகாப்புக்குக் கேடு என்று நீக்கியே தீரவேண்டிய கட்டளையானால் நாளைக் குறித்து முன்கூட்டியே அறிவியுங்கள். நீக்கிய பிறகும் அந்தப் பெயரை வேறு வேலைக்குச் சூட்டாதீர்கள். பழைய பழக்கத்தில் அதைத் தட்டச்சிடுபவருக்கு ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று கையை விரிக்காமல், அது இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது என்று சொல்லுங்கள். எத்தனை காலத்துக்கு என்று கேட்பீர்களானால், கூப்பிடுவோர் இருக்கும் வரைக்கும்.