தனிப் பங்கு தீர்வாகுமா?

நம் கிராமப்புறக் கத்தோலிக்கப் பங்குகளின் வரலாறு பெரும்பாலும் திருவிழா மலர்களில்தான் எழுதப்படுகிறது. ஆலயம் எழுந்த ஆண்டும் பங்குத்தந்தையரின் பெயர்களும் அவற்றில் இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பவை இரா. கிளியனூர், திண்டிவனம் வட்டாரங்களை உள்ளடக்கிய புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைப் புரிந்துகொள்ள, விடுபட்ட இப்பக்கங்களே அதிகம் உதவும்.

புதுச்சேரி ஆலயத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்த நடுச்சுவர் இடிக்கப்பட்டதையும், அதற்கு மற்றவர்கள் காட்டிய எதிர்ப்பையும் 1745ஆம் ஆண்டிலேயே ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிவுசெய்துள்ளார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிவாரியாகப் பிரித்த தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. தேவாலயத்தில் சாதிச் சலுகையை நிலைநாட்ட நீதிமன்றம் மறுத்தது.

எனினும் 2008இல் உளுந்தூர்பேட்டை அருகேயுள்ள எறையூர் பற்றியெரிந்தது. ஜெபமாலை அன்னை பங்கில் பாகுபாடு தொடர்வதாகக் கூறிய தலித் கிறிஸ்தவர்கள், தங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரினர். மோதல் முற்றி, மார்ச் மாதத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

பங்கு என்பது வழிபாட்டு எல்லை மட்டுமன்று. கல்லறை நிலம், திருவிழா நிதி, பள்ளி ஆகியவற்றை நிர்வகிக்கும் அமைப்பும் அதுவே. ஒரு நிறுவனத்தில் அதிருப்தி கொண்டோருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன்: குரல் எழுப்புவது, அல்லது வெளியேறுவது. தனிப் பங்கு என்பது வெளியேற்றம். அது மரியாதையைத் தரக்கூடும். ஆனால், பொதுச் சொத்துகள் ஏற்கெனவே ஆதிக்கம் செலுத்துவோரிடமே தங்கிவிடும். பழைய பங்கும் திருந்த வேண்டிய நெருக்கடியிலிருந்து தப்பிவிடும்.

அதற்காகத் தனிப் பங்கு கேட்போரைச் சாதிப் பிரிவினையை வளர்ப்பவர்கள் என்று குறைகூறுவது நியாயமாகாது. பொதுக் கல்லறை, எல்லாத் தெருக்களுக்கும் செல்லும் தேர், பங்குப் பேரவையில் உரிய இடம், வெளிப்படையான கணக்கு ஆகிய நான்கையும் உறுதிசெய்த பின்னரே, ‘ஒரே பங்காக இருங்கள்’ என்று கூறும் தகுதி ஆயருக்கு வரும்.

திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் இந்திய ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. கோட்டப்பாளையம் பங்கில் பாகுபாடு எனக் கூறும் மனுமீது 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. மதம் மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரி அரசிடம் வாதிடும் திருச்சபை, தன் கல்லறைத் தோட்டங்களின் சுவர்களை முதலில் அகற்றட்டும். அதற்கு எந்த ஆணையத்தின் பரிந்துரையும் தேவையில்லை.