நகைச்சுவையும் எளியோரும்

எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறப் புகுந்த தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனை அந்நகைக்கு நிலைக்களனாக வகுத்தார். அவற்றுள் எள்ளல் இருதிறப்படும் என்பர் உரையாசிரியராகிய பேராசிரியர். பிறரை எள்ளித் தான் நகுதல் ஒன்று; பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. இவ்விரண்டனுள் உயர்ந்த நகைச்சுவை பின்னதன்கண்ணே பிறக்கும் என்பது எம் துணிபு.

இத்துணிபு பிறந்த வரலாற்றைச் சிறிது கூறுவாம். சென்ற ஆண்டு மாணவர் நாடகமொன்று கண்டோம். அதன்கண் மீனவன் ஒருவன் குடித்துத் தள்ளாடினான். சொற்களைச் சிதைத்துப் பேசினான். அரங்கம் அதிர நகைத்தது, யாமும் நகைத்தோம். விடுதிக்குத் திரும்பும் வழியிலேயே நாணம் எம்மைப் பற்றிற்று. யாம் பழவேற்காட்டு ஏரியை அடுத்த சுண்ணாம்புக்குளத்திற் பிறந்தவர். மேடையில் நகைக்கப்பட்ட சொற்கள் எம் பாட்டியார் நாவில் நாளும் பயின்றவை.

ஊமைப்பட உலகிற் பெரும்புகழ் எய்திய சார்லி சாப்ளின் 1889-ஆம் ஆண்டு பிறந்து, லண்டன் மாநகரில் வறுமையிடையே வளர்ந்தவர். தந்தை மதுவால் மாய்ந்தார். தாய் சித்தங் கலங்கினார். ஏழாம் வயதிலேயே ஏழையர் விடுதி புகுந்த அச்சிறுவர், நாடக மேடையைத் தஞ்சமாகக் கொண்டு, 1914-இல் திரையில் தோன்றினார். அவர் தம் வாழ்க்கை வரலாற்றிற் குறித்த நிகழ்ச்சியொன்று நினையத்தக்கது. அவர் வாழ்ந்த தெருக்கோடியில் ஆடறுக்குங் கொட்டில் ஒன்றிருந்தது. ஒருநாள் ஓர் ஆடு தப்பியோடிற்று. அதனைப் பிடிக்க முயன்றோர் இடறி விழுந்தனர். கண்டோர் நகைத்தனர், சிறுவரும் நகைத்தார். ஆடு பிடிபட்டுக் கொலைக்களத்திற்கு மீண்டும் செல்லக் கண்டபோதோ, அழுதுகொண்டே தாயிடம் ஓடினார். அவலமும் நகையும் விரவிய தம் படங்களுக்கு இதுவே வித்தாயிற்றோ எனப் பின்னாளில் அவர் எண்ணினார். அவர் படைத்த நாடோடி பசித்தவன். ஆயினும் அவனது குறும்பு செருக்குடைய செல்வரையும் அதட்டும் காவலரையுமே பெரிதும் தாக்கிற்று. பேச்சின்றியே உலகம் அதனை உணர்ந்து நகைத்தது.

நம் நாட்டிலும் இத்தகையார் ஒருவர் தோன்றினார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிற் பிறந்தார். வறுமையாற் கல்வி இடையில் நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற அச்சிறுவரே பின்னர் டி. கே. எஸ். சகோதரர் குழுவிற் சேர்ந்து நடிகரானார். 1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில் நடித்தார். 1944-இல் இலட்சுமிகாந்தன் கொலைவழக்கிற் சிறைப்பட்டு, 1947-இல் விடுதலை பெற்றார். அத்துணை இடருற்றும் அவர் நகை கசந்திலது. 1949-இல் வந்த ‘நல்லதம்பி’யில், நந்தனார் சரித்திரத்தின் போக்கிற் ‘கிந்தனார்’ கதையை நிகழ்த்தினார். அது கல்வியை விழைந்த ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவனின் கதை. ஆண்டு நகைக்கப்பட்டவன் அச்சிறுவன் அல்லன். அவனைத் தடுத்த சமூகமே.

நகைச்சுவைக்கு இங்ஙனம் வரம்பிடின் அதன் சுவை குன்றாதோ எனின், குன்றாது. மீனவனை மேடையேற்ற வேண்டா என்று யாம் கூறவில்லை. அவனை அறிந்து ஏற்றுக என்றே கூறுகின்றோம். காற்றின் போக்கும் நீரின் உவர்ப்பும் கண்டு வலையிடத் தெரிந்தவர் எம்மூரார். இன்னார் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலையிடுக என முறைவைத்து ஏரியைப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கத்தை உடையவர். அவரைப் பேதையராகக் காட்டுதல் காட்டுவோரின் பேதைமையேயாம். அவர் நகையறியாதவரும் அல்லர். வலை வெறிதே திரும்பிய நாளிலும், படகைக் கரையேற்றிக்கொண்டே தம்மைத் தாமே எள்ளி நகுவர். அந்நகையைக் கேட்டு வளர்ந்த யாம், அரங்கில் எழுந்த நகையோடு கலந்தமைக்கு வருந்துகின்றோம்.

நண்பர்காள்! வருகின்ற ஆண்டு நாடகத்திலும் மீனவன் வருக. நகைக்கப்படுவோனாக அன்று, நகைப்பிப்போனாக வருக. வேண்டுமாயின் அவ்வேடத்தை யாமே புனைவோம். எம் பாட்டியாரின் சொற்களை ஒன்றும் திரியாது பேசுவோம்.