இளக்காரம் பகையாக மாறுவது எப்போது?

2012-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி. மாலை நேரம்.

தர்மபுரிக்குப் பக்கத்தில் நாயக்கன்கொட்டாய் என்று ஓர் ஊர். அங்கே சாலையில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். போக்குவரத்து நின்றது. ஒரு பெருங்கூட்டம் நத்தம் காலனிக்குள் புகுந்தது. அண்ணா நகருக்கும் கொண்டம்பட்டிக்கும் போயிற்று. வீடு வீடாகத் தீ வைத்தது.

இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட வீடுகள் நாசமாயின. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

காரணம் ஒரு கல்யாணம்! வன்னியர் வீட்டுப் பெண்ணும் நத்தம் காலனி ஆதிதிராவிட வாலிபரும் காதலித்து மணந்துகொண்டார்கள். பெண்ணைத் திருப்பி அனுப்பும்படி பஞ்சாயத்து பேசினார்கள். பெண் வர மறுத்தாள். அவமானம் தாங்காத தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்றுதான் காலனி எரிந்தது.

எரித்தவர்கள் ஒரு கூட்டம். அதற்காக ஒரு சமூகத்தார் அனைவரையும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஒரு குடும்பத்தின் கல்யாணத்துக்கு, சம்பந்தமே இல்லாத இருநூற்றைம்பது குடும்பங்களின் வீட்டை ஏன் எரிக்க வேண்டும்?

எரிந்தது என்ன?

எரிந்த பொருள்களைப் பார்த்தால் பதில் பாதி விளங்கும். பீரோக்களை உடைத்தார்கள். நகையும் பணமும் போயின. மோட்டார் சைக்கிள்கள் எரிந்தன. டி.வி. பெட்டிகள் நொறுங்கின. பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாயின.

இந்தப் பொருள்கள் எப்படி வந்தன? தர்மபுரி மானாவாரிப் பூமி. மழை பெய்தால் கேழ்வரகு விளையும். பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. நத்தம் காலனி ஆண்கள் பலர் பெங்களூருக்குப் போனார்கள். கூலி வேலை செய்து பணம் அனுப்பினார்கள். ஓலைக் குடிசை இருந்த இடத்தில் மாடி வீடு எழுந்தது. பக்கத்து ஊர்க்காரரின் நிலத்தில் கூலிக்கு நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது.

இங்கேதான் மனித மனத்தின் சூட்சுமம் இருக்கிறது.

இளக்காரம் வேறு. பகை வேறு. கீழே இருப்பவன் கீழேயே இருக்கும்வரை இளக்காரம் அமைதியாக இருக்கும். சிரித்துப் பேசும். தீபாவளிக்குப் பலகாரம்கூடக் கொடுக்கும். டீக்கடையில் அவனுக்கென்று தனி டம்ளர் வைத்திருக்கும். அதில் டீ ஊற்றும்போது கோபம் வராது. கோபத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அவன் அந்த டம்ளர் வேண்டாம் என்கிறான். சட்டை மடிப்புக் கலையாமல் போகிறான். நம் வீட்டைவிட உயரமாக வீடு கட்டுகிறான். அப்போதுதான் இளக்காரத்துக்கு வலிக்கிறது. “இவனா?” என்று கேட்கிறது. கல்யாணம் என்பது அதன் கடைசிப் படி. சம்பந்தி என்று சொன்னால் சமம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

பட்டவர்களே...

வன்னியர்களும் பெரும்பாலும் ஏழை உழவர்கள்தான். 1987-ம் ஆண்டு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு அவர்கள் சாலை மறியல் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் 21 பேர் இறந்தார்கள். 1989-ல் மிகவும் பிற்பட்ட வகுப்பினருக்கு 20 சதவீத ஒதுக்கீடு பிறந்தது. “எங்களையும் மனிதராக மதியுங்கள்” என்று கேட்டு ரத்தம் சிந்தியவர்கள் அவர்கள்.

பட்டவனுக்குத்தானே வலி தெரியும்? அப்படித்தான் நாம் நினைக்கிறோம். சாதி என்ற ஏணி அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் கீழே ஒரு படியை அது காட்டுகிறது. மேலே இருப்பவன் மிதிப்பதை மறக்க, கீழே மிதிக்க ஒருவன் கிடைக்கிறான். இதை டாக்டர் அம்பேத்கர் அன்றே எடுத்துச் சொன்னார்.

படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள் இதற்கு விலக்கா? அதுவும் இல்லை. இதே மாவட்டத்தில் அரூரை அடுத்த வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்களின் கிராமம். 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அங்கே நுழைந்தார்கள். வீடுகளை இடித்தார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டார்கள். 2011-ல் தர்மபுரி கோர்ட்டு உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. காடு அறிந்த எளிய மக்கள், கேட்க நாதியற்றவர்கள் என்ற நினைப்புத்தான் அன்று காக்கிச் சட்டைக்குள் இருந்தது.

பையன்கள் முகாம்

அமெரிக்காவில் 1954-ல் முசாபர் ஷெரிப் என்ற மனநூல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். பதினொரு வயதை ஒட்டிய 22 பையன்கள். எல்லோரும் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களை இரண்டு அணியாக்கித் தனித்தனியே தங்க வைத்தார். பிறகு பரிசு வைத்துப் போட்டி நடத்தினார். அவ்வளவுதான்! வசைமொழி கிளம்பியது. ஓர் அணியின் கொடியை இன்னோர் அணி எரித்தது. சாதி இல்லை, மதம் இல்லை, பழைய பகை இல்லை. சில நாட்களில் வேலை முடிந்துவிட்டது.

அதற்கு முந்திய ஆண்டு அவர் செய்த சோதனையோ படுதோல்வி! காரணம் வேடிக்கையானது. அந்தப் பையன்கள் முதலில் ஒன்றாக விளையாடி நண்பர்களாகி இருந்தார்கள். பிறகு பிரித்துப் பார்த்தார், சண்டை மூளவில்லை. மூட்டிவிடுவது பெரியவர்கள்தான் என்று பையன்கள் சந்தேகப்பட்டார்கள்!

நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்து மக்களும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்தானே என்று கேட்கலாம். அறிந்தவர்கள்தான். ஒரே பஸ், ஒரே சந்தை. ஆனால் நிலக்காரரும் கூலிக்காரருமாக அறிந்தவர்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

அந்தத் தம்பதி

அந்தத் தம்பதியின் கதையும் சோகமாகவே முடிந்தது. 2013 ஜூனில் பெண் தாய்வீடு திரும்பினாள். ஜூலை 3-ந் தேதி, இனிக் கணவரோடு வாழப் போவதில்லை என்றாள். மறுநாள் ஜூலை 4-ந் தேதி, தர்மபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறம் ரெயில் பாதை ஓரத்தில் அந்த வாலிபர் பிணமாகக் கிடந்தார். குடும்பத்தார் கொலை என்றார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சிங்காரவேலு தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. தற்கொலை என்று அது முடிவு சொன்னது.

காலனியில் வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். ஆண்கள் மறுபடியும் பெங்களூர் பஸ் ஏறினார்கள்.