சேவை மனப்பான்மை என்று எழுதாதீர்கள்

"சமுதாயத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது சிறுவயது முதலே என் லட்சியம்." தன்னார்வலர் பணிக்கோ, ஓராண்டு ஃபெல்லோஷிப்புக்கோ விண்ணப்பிக்கும் பிள்ளைகள் என்னிடம் காட்டும் தாள்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. மீதி, செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்தவை. அவற்றிலும் அதே லட்சியம்தான், ஒற்றுப்பிழை மட்டும் இருக்காது.

கடலோர உப்பள ஊரான மரக்காணத்துப் பிள்ளைகளும் இதையே எழுதும்போது ஆதங்கம் கூடிவிடுகிறது. தமிழ்நாட்டின் பெரிய தன்னார்வலர் திட்டம் ஒன்று அவர்கள் பக்கத்து ஊரில்தான் பிறந்தது. கொரோனாவால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து, படித்த எழுத்தைப் பிள்ளைகள் மறந்துபோயிருந்த நேரம். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி'யை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், அவரவர் தெருவிலேயே வகுப்பு நடந்தது. தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லித்தரப் பிளஸ் டூ போதுமானதாக இருந்தது. ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டப்படிப்பு. ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். சுமார் 2 லட்சம் பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய பெரிய பலம், எந்த வீட்டுப் பிள்ளை எதனால் வகுப்புக்கு வரவில்லை என்பது கேட்காமலே தெரிந்திருந்ததுதான்.

அதைத்தான் விண்ணப்பத்தில் எழுதச் சொல்கிறேன். உப்பளத்துக்கு விடியும் முன்பே போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. அப்படி அம்மாவும் அப்பாவும் கிளம்பிப்போன வீட்டில் சின்னவனை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? அக்கா. அந்த அக்காவின் படிப்பு என்ன ஆகிறது? ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கி, உப்பு வாரும் வேலை அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை நின்றுவிடுகிறது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்தப் பணம் யாருக்கு வந்தது, யாருக்குத் தொழிலாளர் அட்டை இல்லாமல் விட்டுப்போனது? இத்தனையும் உப்பளத் தெருப் பெண்ணுக்குத் தெரியும். எழுதச் சொன்னால், "இதையெல்லாமா சார் எழுதுவாங்க?" என்று சிரிப்பாள்.

இதைத்தான் எழுத வேண்டும், அம்மா. எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா ஃபெல்லோஷிப் 13 மாதம் கிராமத்தில் தங்கி வேலை செய்ய அனுப்புகிறது. 2022இல் வந்த முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இளைஞர்களை அரசுத் துறைகளோடு சேர்த்து வேலை வாங்குகிறது. இரண்டிலும் எழுத்தைத் தாண்டி நேர்காணல் உண்டு. கடன் வாங்கிய வரிகள் அங்கே இரண்டாவது கேள்வியிலேயே சாயம் போய்விடும்.

சான்றிதழ் அடுக்குவதும் வீண். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது; இந்தக் கரை முழுக்கத் தண்ணீர். "புயல் நிவாரணப் பணியில் ஈடுபட்டேன்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. முகாமில் கைக்குழந்தைக்குப் பால் இல்லாதபோது யாரிடம் போய்க் கேட்டீர்கள், கிடைத்ததா, கிடைக்கவில்லை என்றால் பிறகு என்ன செய்தீர்கள்? நாலு வரி போதும். கிடைக்கவில்லை என்று எழுதுவதிலும் குறைச்சல் ஒன்றுமில்லை.

பணத்தைப் பற்றி விண்ணப்பத்தில் பேசக் கூடாது என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தப்பு. சம்பளமில்லாச் சேவை வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும். உப்பு வாரும் வீட்டுப் பெண்ணுக்கு மாத உதவித்தொகை இருந்தால்தான் வேலையை முழுதாக முடிக்க முடியும் என்றால், அதை ஒரு வரியில் நேராகச் சொல்லிவிடலாம். அதைப் படித்து முகம் சுளிக்கும் நிறுவனத்தில் சேராமல் இருப்பதே மேல்.

வெளியூரிலிருந்து இங்கே வர விரும்புகிறவர்களுக்கும் ஒன்று: மரக்காணத்தை மாற்றப்போகிறேன் என்று எழுதாதீர்கள். முதல் மாதம் யாரிடம் என்ன கற்றுக்கொள்ளப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். எந்த ஊர்க்காரரும் கையெழுத்துப் போட்டுவிடக்கூடிய வரிகளை அடித்துவிடுங்கள். கடைசித் தேதி ராத்திரி வரை வைத்திருக்க வேண்டாம். அன்றைக்கென்று சர்வர் படுத்துக்கொள்ளும்.