சட்டத்தைப் பேணுவார் யார்?

ஒரு மசோதா சட்டசபையில் நிறைவேறுகிற தினத்தில் கரகோஷம் கேட்கிறது. அதைக் கொண்டுவந்த மந்திரிக்கு மாலை விழுகிறது. மறுநாள் பத்திரிகைகளில் அவர் பெயர் பெரிய எழுத்துக்களில் வருகிறது. அதற்குப் பிறகு அந்தச் சட்டம் தாலூகா கச்சேரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் ஜனங்களை என்ன பாடு படுத்துகிறது என்று பார்ப்பவர் யார்? ஏரி வெட்டுவித்தவன் பெயர் கல்லில் நிற்கும். ஆனால் வருஷந்தோறும் கரையைப் பார்த்து, மதகைச் செப்பனிட்டு, தூர் வாருகிறவன் இல்லாவிட்டால் அந்த ஏரியால் ஊருக்குப் பிரயோஜனமில்லை. ஒரு மழையில் உடைத்துக்கொண்டு ஊரை அழித்தாலும் அழிக்கும். சட்டத்தின் கதையும் இதுவே. சட்டம் இயற்றுவதைப்பற்றி நாம் ஓயாமல் வாதாடுகிறோம். இயற்றிய சட்டத்தைப் பேணித் திருத்தும் பணியைப்பற்றி நினைப்பதே இல்லை. அந்தப் பணியில் சர்க்காருக்கு ஆலோசனை கூறுவதற்கென்று நிலையான, சுதந்திரமான, ஜனங்களுக்குத் தெரியக்கூடிய ஓர் ஸ்தாபனம் வேண்டும் என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்புவது.

இந்தப் பணி எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு நமது தேசத்தின் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1937-ம் வருஷம் ஏப்ரலில் ஹிந்து ஸ்திரீகளின் சொத்துரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. மத்திய சட்டசபையில் டாக்டர் ஜி.வி. தேஷ்முக் கொண்டுவந்த மசோதா அது. புருஷனை இழந்த மனைவிக்கு, அவன் சொத்தில் ஒரு மகனுக்குரிய பங்கு உண்டு என்று அது சொல்லிற்று. விற்கவும் தானம் செய்யவும் பூரண சுதந்திரமில்லாத, ஆயுட்கால அனுபோக உரிமைதான். ஆயினும், அதுவரையில் சோற்றுக்கும் துணிக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருந்த விதவைகளுக்கு அது பெரிய காரியமாகவே தோன்றிற்று.

சட்டம் நல்லதே, அதில் இருந்த ஓட்டைதான் பெரியது. 1937-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி மாகாண சுயாட்சி அமலுக்கு வந்தபோது, விவசாய நிலத்தின் வாரிசு உரிமைபற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் மாகாணங்களுக்குப் போய்விட்டது. மசோதாவோ அந்தத் தேதிக்கு முன் ஒரு சபையிலும், பின் மற்றொரு சபையிலும் நிறைவேறிற்று. 1941-ல் இவ்விஷயம் பெடரல் கோர்ட்டின் முன் வந்தது. கவர்னர் மாகாணங்களிலுள்ள விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று கோர்ட் அபிப்பிராயம் தெரிவித்தது. தஞ்சை ஜில்லாவில் ஒரு குடும்பத்தின் ஆஸ்தி என்றால் நிலந்தானே? வீட்டிலும் பாத்திரத்திலும் பங்கு உண்டு, வயலில் இல்லை என்றால் அந்த விதவைக்குக் கிடைத்தது என்ன? சென்னை மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அந்த உரிமையை விஸ்தரித்துச் சட்டம் செய்தது 1947-ல். இடையில் பத்து வருஷங்கள் கழிந்தன. அந்தப் பத்து வருஷங்களில் புருஷனை இழந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இந்தச் சட்டத்தின் குறைகளை ஆராய்வதற்காக 1941-ம் வருஷம் ஜனவரியில் சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தார்கள். அதற்குத் தலைவர் ஸர் பெனகல் நரசிங்க ராவ். சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் படித்து, ஐ.ஸி.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்து, அப்போது கல்கத்தா ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்துக்கு இசைய, அமலிலிருந்த சட்டங்களை எல்லாம் வரிவரியாகப் பார்த்துத் திருத்தும் வேலை முன்னர் அவரிடமே ஒப்புவிக்கப்பட்டிருந்தது. சட்டப் புத்தகத்தின் ஒவ்வொரு மூலையையும் அறிந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

கமிட்டி என்ன செய்தது? சர்க்கார் கேட்டது ஓட்டையை அடைக்கும் யோசனை. ஒட்டுப் போடுவதால் பயனில்லை. ஒரு ஷரத்தைத் திருத்தினால் இன்னொன்று கிழியும். ஹிந்து சட்டம் முழுவதையும் படிப்படியாக ஒழுங்குபடுத்தி எழுதுவதே வழி என்று கமிட்டி பதில் கூறிற்று. எஜமானர் விரும்பிய பதிலைத் தேடிக் கொடுப்பவன் ஆலோசகன் அல்லன். கேட்ட கேள்வியே போதாது என்று எடுத்துச் சொல்பவனே ஆலோசகன். 1944-ல் கமிட்டி மறுபடியும் கூடிற்று. அதில் சென்னை ஸ்ரீ டி.ஆர். வெங்கடராம சாஸ்திரியாரும் ஓர் அங்கத்தினர். கமிட்டியின் நகல் சட்டம் தேச பாஷைகளில் மொழிபெயர்த்துப் பரப்பப்பட்டது. 1945-ல் கமிட்டியார் பல நகரங்களுக்குச் சென்று, ஆதரித்தவர்களையும் ஆத்திரத்துடன் எதிர்த்தவர்களையும் ஒருங்கே விசாரித்தார்கள். அங்கத்தினர்களில் ஒருவர் மாறுபட்ட அபிப்பிராயம் எழுதினார். அதுவும் அறிக்கையோடு வெளிவந்தது.

அந்த உழைப்பின் பயனாகவே, பெரும் போராட்டத்திற்குப் பின், 1956-ல் ஹிந்து வாரிசுச் சட்டம் நிறைவேறிற்று. விதவையின் ஆயுட்கால உரிமை பூரண உரிமை ஆயிற்று. ஆயினும் பூர்வீகச் சொத்தில் பிறப்பினாலேயே மகனுக்கு உண்டாகும் பங்கு மகளுக்கு இல்லை என்ற குறை தங்கிவிட்டது. தமிழ்நாடு 1989-ல் அதைத் தன் எல்லைக்குள் திருத்திற்று. பார்லிமெண்ட் திருத்தியது 2005-ல். சட்டம் இயற்றுவது ஒரு நாள் வேலை. அதைப் பேணுவது தலைமுறைகளின் வேலை என்பதற்கு இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

குறையுள்ள சட்டம் ஒருபுறம் இருக்க, செத்த சட்டத்தின் தொல்லை இன்னொருபுறம். வெள்ளையர் ஆட்சியில் 1876-ல் நாடகச் சட்டம் பிறந்தது. மேடையில் தேசத்தின் குரல் எழும்பாமல் அடக்குவதற்காகச் செய்த சட்டம் அது. நாடு சுதந்திரமடைந்து அரசியலமைப்பு அமலுக்கு வந்த பின், 1956-ல் அலகாபாத் ஹைகோர்ட் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், அந்தச் சட்டம் மத்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 2018-ல்! நம் மாகாணத்தாரும் சும்மா இருக்கவில்லை. 1954-ல் தமக்கென்றே ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டார்கள். சென்னை ஹைகோர்ட் அதை 2013-ல் செல்லாததாக்கும் வரையில் அது நின்றது. அந்நியன் செய்த விலங்கைக் கழற்றி எறிய வேண்டியவர்கள் அதே அச்சில் இன்னொன்று வார்த்துக்கொண்டதை என்னென்பது?

இவை பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ரத்துச் செய்தது. அதற்குப் பிறகும் பல மாகாணங்களில் போலீசார் அதே பிரிவின்கீழ் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி அப்பிரிவின்படி யார்மீதும் வழக்கு நடத்தக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2022-ம் வருஷம் அக்டோபரில் மறுபடி உத்தரவிட வேண்டியதாயிற்று. இல்லாத குற்றத்துக்காக ஏழு வருஷங்கள் ஜனங்கள் கோர்ட்டுப் படியேறினார்கள் என்றால், அது யாருடைய அஜாக்கிரதை?

இதைவிடக் கொடிது குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாறு. பிறப்பையே குற்றமாக்கிய அந்தச் சட்டத்தின் காரணமாக 1920-ல் பெருங்காமநல்லூரில் இரத்தம் சிந்தியதைத் தமிழ்நாடு மறவாது. சென்னையில் அது 1947-லும், இந்தியா முழுவதிலும் 1952-லும் ஒழிந்தது. ஒழிந்தது சட்டம், அதன் நிழல் ஒழியவில்லை. சிறைச்சாலை விதிப் புத்தகங்களில் அந்த ஜாதியாரைப்பற்றிய அவமதிப்பான வாசகங்கள் அப்படியே இருந்தன. ஜாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளும் உடனிருந்தன. அவற்றையெல்லாம் சுப்ரீம் கோர்ட் செல்லாதவையாக்கியது 2024-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி. அதற்கும் ஒரு பத்திரிகையாளர் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. தாய்ச் சட்டத்தை நீக்கும்போது அதன் கிளைகளான விதிகளையும் தேடி நீக்குவது ஆலோசகரின் சாதாரணக் கடமை. எழுபத்திரண்டு வருஷங்கள் அதை ஒருவரும் செய்யவில்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1998-ல் ஸ்ரீ பி.ஸி. ஜெயின் தலைமையில் அமைந்த கமிஷன் 1,300-க்கு மேற்பட்ட சட்டங்களை நீக்கலாம் என்று யோசனை கூறிற்று. 2014-க்குப் பிறகு 1,500-க்கு அதிகமான சட்டங்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. இது பாராட்டத்தக்கதே. ஆனால் இவற்றில் 750-க்கு மேற்பட்டவை செலவு அனுமதிச் சட்டங்கள். அந்தந்த வருஷத்தோடு வேலை முடிந்துபோனவை. உதிர்ந்த சருகைக் கூட்டித் தள்ளுவது எளிது. உயிருள்ள மரத்தில் எந்தக் கிளை பழுதென்று கண்டு வெட்டுவதற்குத்தான் அறிவும் துணிவும் வேண்டும். எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படுவதோடு காரியம் முடிந்துவிடாது.

அந்த அறிவையும் துணிவையும் தரவேண்டிய ஸ்தாபனம் சட்டக் கமிஷன். சுதந்திர இந்தியாவின் முதல் சட்டக் கமிஷன் 1955-ல் ஸ்ரீ எம்.ஸி. ஸெதல்வாட் தலைமையில் அமைந்தது. அன்று முதல் அது சர்க்காரின் உத்தரவினால் குறிப்பிட்ட காலத்துக்கு அமைக்கப்பட்டு, காலம் முடிந்ததும் கலைந்து, மறுபடி அமைக்கப்படும் கமிஷனாகவே இருந்து வந்திருக்கிறது. அதற்கென்று ஒரு சட்டம் இல்லை. 21-வது கமிஷனின் காலம் 2018-ம் வருஷம் ஆகஸ்டில் முடிந்தது. அடுத்த கமிஷனுக்குத் தலைவர் நியமனமானது 2022-ம் வருஷம் நவம்பரில். நான்கு வருஷங்களுக்குமேல் காவற்காரன் இல்லாத களஞ்சியமாக நாட்டின் சட்டப் புத்தகம் கிடந்தது. இங்கிலாந்திலோ 1965-ல் சட்டக் கமிஷனை ஒரு சட்டத்தினாலேயே நிறுவி, சட்டங்களை இடைவிடாமல் பரிசீலிப்பதை அதன் கடமையாக விதித்தார்கள். நியூஸிலாந்தில் 2020-ல் இயற்றிய பொதுச் சேவைச் சட்டம், இலாகாக்கள் தாங்கள் நிர்வகிக்கும் சட்டங்களைப் பேணிக் காக்கும் பொறுப்பையும் உத்தியோகஸ்தர்களின் தர்மங்களில் ஒன்றாகச் சேர்த்தது. சிறிய தேசம் செய்ததை நாம் செய்யமுடியாதா?

ஜனங்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை இருக்க, யாரும் தேர்ந்தெடுக்காத ஆலோசகருக்கு ஏன் இவ்வளவு ஸ்தானம் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அதிகார வர்க்கத்தின் ஆட்சியை அனுபவித்த நாம் இன்னொரு அதிகார வர்க்கத்தை விரும்பி அழைக்கவில்லை. தீர்மானிப்பது சட்டசபையின் உரிமை. ஆலோசகருடைய வேலை எடுத்துச் சொல்வதே. எந்தச் சட்டம் எங்கே தடுக்கிறது, கோர்ட்டுகள் எதைக் குறை கூறியிருக்கின்றன, தாசில்தாரும் ஸப்-ரிஜிஸ்திராரும் அன்றாடம் எதனால் தவிக்கிறார்கள், ஏழைக் குடியானவன் எந்தப் படிவத்தின் முன் திகைத்து நிற்கிறான் என்பதைத் திரட்டிச் சபையின் முன் வைப்பதால் சபையின் அதிகாரம் குறையாது, கண் திறக்கும்.

ஆகவே, மத்திய சர்க்காரும் தமிழ்நாட்டு சர்க்காரும் நான்கு காரியங்களைச் செய்யவேண்டும். முதலாவது, சட்டக் கமிஷனைச் சட்டத்தினாலேயே நிலைபெறச் செய்யவேண்டும். மாகாணத்திலும் அத்தகைய ஸ்தாபனம் வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் இலாகாவும் தன் பொறுப்பிலுள்ள சட்டங்களும் விதிகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று வருஷந்தோறும் சட்டசபைக்கு அறிக்கை வைக்கவேண்டும். கோர்ட் ரத்துச் செய்த பிரிவுகளின் ஜாபிதா அதில் இருக்கவேண்டும். அது கடைசிப் போலீஸ் ஸ்டேஷன் வரையில் போய்ச் சேரவேண்டும். மூன்றாவது, ஆலோசகரின் யோசனையை வெளியிடவேண்டும். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று மந்திரி குறிப்பிட்ட காலத்துக்குள் பதில் கூறவேண்டும். நான்காவது, மசோதாக்களை முப்பது நாட்களாவது ஜனங்களின் அபிப்பிராயத்துக்கு விடவேண்டும் என்று 2014-ல் மத்திய சர்க்கார் வகுத்த முறை ஏட்டளவில் நிற்காமல், ஜனங்களின் பாஷையிலேயே நடக்கவேண்டும். ராவ் கமிட்டி யுத்தகாலத்தில் செய்த காரியத்தை, நினைத்த கணத்தில் எல்லாவற்றையும் அச்சிட்டுப் பரப்பும் வசதியுள்ள இக்காலத்தில் செய்வதற்கு என்ன தடை?

1862 முதல் அமலிலிருந்த இந்தியன் பீனல் கோடுக்குப் பதிலாக 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தது. அதிலும் குறைகள் இருக்கும். மனிதர் செய்தது எதில்தான் இல்லை? அக்குறைகளை இப்போதே கண்டு சொல்வதற்கு ஆள் இருக்கவேண்டும் என்பதே கேள்வி. இல்லையேல், பத்து வருஷம் வயலில் பங்கின்றி நின்ற அந்த விதவையைப்போல, இன்னொருவர் எங்கோ ஒரு கச்சேரி வாசலில் நின்றுகொண்டிருப்பார். அவருக்கு நீதி கிடைப்பது தற்செயலாக வரும் ஒரு வழக்கைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. சர்க்கார் விழித்துக்கொள்வார்களா?