விருதுக்கு எட்டாத முன்வரிசை

அமெரிக்கக் கால்பந்தில் அந்தந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கென்று அசோசியேட்டட் பிரஸ் ஸ்தாபனம் அளிக்கும் விருது, பந்தை எறிபவர்களுக்கும் ஏந்தி ஓடுபவர்களுக்கும் தாராளமாகப் போயிருக்கிறது. எதிரணியைத் தடுக்கும் பிரிவினருக்கு இரண்டு தடவை போயிருக்கிறது. 1982இல், வேடிக்கைதான், பந்தை உதைப்பதொன்றையே தொழிலாக உடைய ஒருவருக்குக்கூடக் கிடைத்தது. ஆனால், எறிபவரின் முன்னே தம் சரீரத்தையே அரணாக நிறுத்தும் முன்வரிசை வீரர் ஒருவருக்கேனும் இன்றுவரை அது கிட்டியதில்லை. இதை அநீதி என்றே சொல்லுவேன்.

அவ்வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவரை மட்டும் கவனியுங்கள். வலக்கைப் பழக்கமுள்ள குவார்ட்டர்பேக் எறிவதற்குத் திரும்பி நிற்கையில் அவர் கண்ணுக்குப் புலப்படாத பக்கம் அதுவே. அவ்வழியே பாய்ந்து வருகிறவனை, பின்னோக்கி நகர்ந்துகொண்டே, உள்ளங்கைகளை மார்பில் பதித்து மூன்று விநாடியாவது தாமதிக்கச் செய்ய வேண்டும். சட்டையைப் பற்றி இழுத்துவிட்டாலோ, அணிக்குப் பத்து கஜம் நஷ்டம். நடுவர் அந்த வீரரின் எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிப்பார். குற்றமின்றிக் காரியத்தை முடித்த தடவைகளில் அந்த எண்ணை உச்சரிப்பார் இல்லை.

கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் அணியில் அவ்விடத்தில் நின்றவர், 73ஆம் எண் தரித்த ஜோ தாமஸ். அணிகள் புது வீரர்களைத் தெரிந்தெடுக்கும் 2007ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்றாவதாக அவர் பெயர் அழைக்கப்பட்ட தினத்தில், நியூயார்க் மேடையை நாடாமல், தந்தையாரோடு மிச்சிகன் ஏரியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். முதல் ஆட்டம் தொட்டு, 2017 அக்டோபரில் இடது புயத்தின் தசை கிழிந்து வெளியேறும் வரையில், தம் அணி பந்தைக் கையாண்ட 10,363 தடவைகளில் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. அதற்குள் தலைமைப் பயிற்சியாளர்கள் அறுவர் வந்துபோயினர். அவர் காத்துநின்ற குவார்ட்டர்பேக்குகளோ இருபதின்மர். 2016இல் அணிக்கு ஒரே வெற்றி. மறு ஆண்டு பதினாறு ஆட்டங்களிலும் தோல்வி. இறுதிச் சுற்றுப் போட்டி ஒன்றில்கூட ஆடும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் முதல் பத்துப் பருவங்களிலும் சிறந்த வீரர்களின் கூட்டத்தில் அவர் பெயர் இருந்தது. உத்தியோகத்தின் பொருட்டே ஏறக்குறைய 140 கிலோ எடையைச் சுமந்தவர், ஓய்வுபெற்றதும் அதை இறக்கிவைத்து மெலிந்தார். 2023இல் கான்டன் நகரத்துக் கீர்த்தி மண்டபமும் அவரைச் சேர்த்துக்கொண்டது.

தனியொரு முன்வரிசை வீரரால் வெற்றியைத் தேடித்தர முடியாது என்பதற்குத் தாமஸே சாட்சியல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயின், உதைப்பவருக்கு இசைந்த விருது இவருக்கு மட்டும் ஏன் இசையக் கூடாது? ஓட்டத்துக்கும் எறிதலுக்கும் கஜக்கணக்கு உண்டு, தடுத்தலுக்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. பயிற்சியாளர்களோ படச்சுருளை ஓட்டி ஓட்டி, இவர்களுடைய ஒவ்வோர் அசைவுக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். முதலாளிகளும் இடது ஓரத்துக்குப் பெரும் ஊதியம் அளிக்கத் தயங்குவதில்லை. விருதுக்கு வாக்களிக்கும் பத்திரிகை, தொலைக்காட்சிப் பிரமுகர்கள், வரும் பருவத்தில் ஓர் ஆட்டத்தையேனும் பந்தின் பின்னே கண்ணை ஓடவிடாமல் இடது ஓரத்திலேயே நிறுத்திப் பார்த்துவிட்டு, அதன் பின்னர் வாக்குச்சீட்டை நிரப்ப வேண்டும்.