மீட்டர் போர்டைத் தட்டித் தட்டி ஓட்டாதீர்கள்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் என் தங்கை மகன் ஒரு படம் போட்டிருந்தான். அவன் காரின் மீட்டர் போர்டில் எண்கள் பாதி தெரிகின்றன, பாதி தெரியவில்லை. "மாமா, வீடியோ பார்த்து நானே கழற்றிச் சரிபண்ணலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தான். உடனே குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "நீயே செய், காசு மிச்சம்" என்றது. இன்னொரு கட்சி, "கையை வைக்காதே, கம்பெனியில் விடு" என்றது. அங்கே இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் காருக்கும் இதே சீக்குதான். வேகம் காட்டும் முள் நன்றாக வேலை செய்தது. பெட்ரோல் அளவு, இன்ஜின் சூடு, ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் காட்டும் சின்னத் திரை மட்டும் மதிய வெயிலில் மறைந்துவிடும், சாயங்காலம் திரும்பி வரும். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் உடனே வரும். இப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். தட்டினால் சரியாகிவிடும் என்று அந்தக் காலத்தில் உங்களில் சிலர் விஷயத்திலும் நினைத்திருக்கிறேன். இரண்டுமே தப்பு என்று இப்போது தெரிகிறது.

சித்திரை மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து கோவில்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கயத்தாறு தாண்டியதும் என் மனைவி, "என்னங்க, ஏதோ இனிப்பா ஒரு வாடை வருதே" என்றாள். திரை வெறுமையாக இருந்தது. தட்டினேன், வரவில்லை. வண்டியை ஓரம் கட்டினால் பானெட் இடுக்கில் ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துக் கூலன்ட் ஒழுகியிருக்கிறது. இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்திருக்கும் என்றார் வந்த மெக்கானிக். அந்தத் திரை மட்டும் வேலை செய்திருந்தால் சூடு ஏறுவதை முன்கூட்டியே பார்த்திருப்பேன். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது காரின் மீட்டர் அல்ல, என் மனைவியின் மூக்கு.

இதில் வெட்கப்பட வேண்டியவன் நான்தான். வெப்பத்தால் பொருள்கள் விரிவடைவதை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது. அதற்குள் இருக்கும் கண்ணாடியிழைப் போர்டு, செம்புத் தடம், சால்டரிங் மூன்றும் ஒரே அளவில் விரிவதில்லை. தினமும் விரிந்து சுருங்கினால் சால்டரிங்கில் மயிரிழை விரிசல் விழும். சூடானால் தொடர்பு விடும், ஆறினால் சேரும், தட்டினாலும் சேரும். வகுப்பில் இதைப் பரீட்சைக் கேள்வியாகக் கேட்டிருந்தால் நீங்களே பதில் எழுதியிருப்பீர்கள்.

இப்போது என் கருத்து. கோளாறு எங்கே என்று பார்ப்பது நம் வேலை. போர்டைத் திறப்பது அதற்குப் பழகிய கையின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாமே பார்க்கக்கூடியவை இவை. முதலில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் குறைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், வண்டியைத் துடைக்கும்போது அது திரும்பிவிடுவது உண்டு. அடுத்து, வண்டிக் கையேட்டைப் பார்த்து மீட்டருக்கான ஃபியூஸ். அதற்கடுத்து பேட்டரி. ஓடாமல் நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பேட்டரி முனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். பிறகு இருட்டில் திரையின் மேல் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். எண்கள் மங்கலாகத் தெரிந்தால் திரை நன்றாக இருக்கிறது, பின்னால் எரியும் விளக்குதான் போயிருக்கிறது. மீட்டர் மொத்தமும் செத்துக் கிடந்தால் மின்சாரம் வரும் வழியில் கோளாறு. எண்களில் ஒரு பகுதி மட்டும் இல்லையென்றால் திரையிலோ அதை இணைக்கும் பட்டையிலோ கோளாறு. இவ்வளவு தெரிந்துகொண்டு போனால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

அதற்கு மேல் நிறுத்திக்கொள்ளுங்கள். மருமகனே, இது உனக்குத்தான். முள்ளைப் பிடுங்கித் திரும்ப மாட்டினால் அது பழைய இடத்தில் உட்காராது, 60-இல் போகும்போது 50 என்று காட்டும். கண்ணாடித் திரையோடு ஒட்டியிருக்கும் பட்டை பல வண்டிகளில் சூட்டால் ஒட்டப்பட்டது. சால்டரிங் இரும்பு பட்டால் உருகிவிடும். ஸ்டீயரிங் நடுவில் ஏர்பேக் இருக்கிறது, அதன் பக்கம் போகவே வேண்டாம். வீடியோவில் பத்து நிமிடத்தில் முடிக்கிறவர் அதற்கு முன் எத்தனை போர்டைப் பாழாக்கிப் பழகினார் என்பதை வீடியோவில் காட்டமாட்டார்.

அதற்காக, "முழுசா மாத்தணும் சார்" என்றவுடன் தலையாட்டவும் வேண்டாம். என்னிடம் சர்வீஸ் சென்டரில் 18,000 ரூபாய் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மீட்டர் போர்டு மட்டுமே பழுது பார்க்கிறவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலில் ரேடியோ, பிறகு டிவி, இப்போது இது என்று அவர் தொழில் மாறி வந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து விரிசலைக் காட்டினார். நான்கு இடத்தில் புதிதாகச் சால்டரிங் வைத்தார். கூலி 1,200 ரூபாய். மழை, வெயில் இரண்டையும் பார்த்தாயிற்று, இன்றுவரை திரை மறையவில்லை.

நான் அங்கே காத்திருந்தபோது ஓர் இளைஞர் வந்தார். "அண்ணாச்சி, வண்டியை விக்கப் போறேன். ஒரு நாற்பதாயிரம் கிலோமீட்டர் குறைச்சுக் கொடுங்க, கேட்டதைத் தாரேன்" என்றார். இவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "ஓடினது ஓடினதுதான் தம்பி. அந்த வேலை நான் செய்யதில்ல" என்றார். என் போர்டைச் சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் நிம்மதியானது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓடிய தூரமும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் பதிந்திருக்கிறது. முழுப் பெட்டியை மாற்றினால் புதியது பூஜ்யத்தில் தொடங்கலாம், பழைய பெட்டி என்றால் வேறு வண்டியின் கணக்கைக் காட்டலாம். சில வண்டிகளில் சாவியை அடையாளம் காணும் பூட்டும் அதோடு சேர்ந்திருக்கும், கணினி வைத்துப் பதியாவிட்டால் வண்டி கிளம்பாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய கிலோமீட்டரைத் தேதியோடு பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றும் முன் படமும் எடுத்து வையுங்கள். நாளை அந்த வண்டியை வாங்குகிறவன் நம்மை நம்பித்தானே வாங்குவான்?

திரை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2021 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. நடுவில் இருக்கும் பெரிய திரையின் நினைவகச் சில்லு எழுதி எழுதித் தேய்ந்துபோய், பின்பக்கக் கேமராப் படம்கூட வராமல் போனதுதான் காரணம். திரை போவதைப் பாதுகாப்புக் குறையாகவே அங்கே பார்த்தார்கள். உங்கள் வண்டி மாடலுக்கும் இப்படி இலவசத் திருத்தம் இருக்கிறதா என்று காசு கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

நீங்களே செய்தாலும் சரி, ஆளிடம் கொடுத்தாலும் சரி, என்னைப் போல இரண்டு மாதம் தட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் மூக்கை நம்பி நெடுஞ்சாலையில் போகக் கூடாது.

மெக்கானிக் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் இதில் தவறு இருந்தால் கீழே எழுதித் திருத்துங்கள். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்